வானம் தோண்டின பிறகு

மூன்று மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. வேறொன்றுமில்லை, ஏழாயிரம்பண்ணையில் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறோம். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு. பிளான் அப்ரூவல் கைக்கு வந்த அன்று அம்மா, "அப்பாடா, பாதி வீடு கட்டியாச்சு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வானம் தோண்டிய இரண்டாம் நாளே அந்த நினைப்பு போய்விட்டது.

தெற்கத்திக்காரர்கள் அல்லாதவர்களுக்காக: அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கம் வானம் என்று பேர். பூமிக்குள் வெட்டுவதை ஏன் வானம் என்கிறார்கள் என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "குழிக்குள்ள இறங்கி நின்னு பாரு, வேற என்ன தெரியும்?" என்றார். அதைச் சொற்பிறப்பியல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் நாள் காலையில் கொத்தனார் கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாருங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு கடகால் கிடக்கு."

பழைய வீடு ஒரே காலத்தில் கட்டியது இல்லை. தெற்குப் பக்க அறை 1958-ல் தாத்தா கட்டியது. வடக்கே இருந்த இரண்டு அறைகளும் திண்ணையும் 1981–82-ல் அப்பா சேர்த்தது. குழி இரண்டையும் ஒட்டி வெட்டப்பட்டதால் அடியில் இருந்தது அப்படியே தெரிந்தது. தாத்தாவின் கடகால் கரிசலைத் தாண்டி, ஆறடியில் வெள்ளை வெளேரென்று இருந்த சுக்கான் மேல் உட்கார்ந்திருந்தது. அப்பாவின் கடகால் மூன்றடியில், கரிசலின் நடுவிலேயே நின்றுவிட்டது. தாத்தாவுடையது கல்லும் சுண்ணாம்பும். அப்பாவுடையது கல்லும் சிமெண்டும்.

வடக்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் உண்டு. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அது இருக்கிறது. விரிசலின் குறுக்கே அம்மா பேப்பர் துண்டு ஒட்டி, பென்சிலில் தேதி எழுதி வைப்பாள். பேப்பர் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். சித்திரை, வைகாசியில் கிழியும். ஐப்பசி மழைக்குப் பிறகு விரிசல் பாதி மூடிக்கொள்ளும், அம்மா புதுப் பேப்பர் ஒட்டுவாள். நாற்பது வருஷமாக அந்தச் சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தாத்தா கட்டிய அறையில் அப்படி ஒரு கோடுகூட இல்லை.

ஒரே மண், ஒரே குடும்பம், நடுவில் இருபத்து நான்கு வருஷம். இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

கரிசலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் தண்ணீரைக் குடித்தால் உப்பும் வகைக் களிமண் அதிகம். மாண்ட்மோரில்லோனைட் என்பார்கள். மழையில் ஊதும், கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவு வெடிக்கும். பருத்திக்கு அது நல்லது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். சுவருக்கு ஆகாது. ஆனால் இந்த உப்பலும் சுருங்கலும் மேல்மண்ணில்தான் மும்முரம். கீழே போகப் போக ஈரம் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புச் சத்து திரண்ட சுக்கான் வந்துவிடும். அதைத் தொட்டுவிட்டால் கட்டடம் அசையாது. "சுக்கான் வர்ற வரைக்கும் தோண்டு" என்பது எந்தப் பொறியியல் புத்தகமும் படிக்காதவர்கள் சொன்ன விதி.

கரிசல் வெகு ஆழமாக இருக்கும் ஊர்களுக்காக ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வேறு ஒரு வழி கண்டுபிடித்தது. தரையில் குறுகலாகத் துளை போட்டு, அடியில் மட்டும் அதைக் குடம் மாதிரி அகலப்படுத்தி கான்கிரீட் நிரப்புவது. அந்தக் குடம் தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலம் இருக்கும், துளை சாதாரணமாக மூன்றரை மீட்டர் ஆழமாவது போகும். மேல்மண் என்ன ஆட்டம் போட்டாலும் அடியில் நங்கூரம் போட்ட மாதிரி வீடு நிற்கும். யோசித்துப் பார்த்தால் தாத்தா காலத்து விதியேதான், கருவி மட்டும் வேறு.

தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. 1958 வீட்டுச் செலவு அதில் நாள்வாரியாக இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. அதில் பணம் போனது மாதக் கணக்கில் இல்லை, கட்டக் கணக்கில். வாஸ்து நாளில் கொத்தனாருக்கு முன்பணம். வானம் வெட்டி முடித்த அன்று வெட்டினவர்களுக்குப் பைசல். நிலை வைத்த அன்று ஆசாரிக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, கூலி. தளம் போட்டு முடித்த அன்று எல்லோருக்கும் சாப்பாடு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வேறு மையில் ஒரு சின்ன டிக். எங்கள் சின்னத்தாத்தாவும் அடுத்த தெரு பெரியவர் ஒருவரும் வந்து பார்த்த பிறகுதான் அந்த டிக் விழும் என்று அப்பா சொல்கிறார். வானம் வெட்டினதும் அந்தப் பெரியவர் குழிக்குள் இறங்கி கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பாராம். "நங்" என்று சத்தம் வந்தால்தான் முதல் கல்.

சடங்கு என்று நாம் நினைப்பது பாதி தணிக்கை. நிலை வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நவதானியம், மஞ்சள் துணி, நிலைக்கடியில் ஒரு பொட்டுத் தங்கம், நல்ல நேரம் எல்லாம் உண்டு. கூடவே சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கண் முன்னால் ஆசாரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நிலை நேராக நிற்கிறதா என்று காட்ட வேண்டும். கோணலாக வைத்துவிட்டு அந்தக் கூட்டத்தில் வேட்டி வாங்க முடியுமா? பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு எட்டே வாஸ்து நாட்கள்தான் என்பதால் கொத்தனார்களுக்கு அன்று ஊர் முழுக்க வேலை வந்துவிடும் என்பது தனி வேடிக்கை. எங்கள் கொத்தனார் அன்றைக்கு மூன்று மனையில் தேங்காய் உடைத்தார்.

அப்படிக் கட்டம் கட்டமாகக் காத்திருந்து கட்டுவதற்குப் பொருளே ஒரு காரணம். மண்சுவர் என்றால் ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் சரியும். இதை எழுதும்போது பாஞ்சாலங்குறிச்சி ஞாபகம் வருகிறது. 1799-ல் கட்டபொம்மனுடன் சேர்ந்து நின்றதற்காகப் பறிக்கப்பட்ட பாளையங்களில் எங்கள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது அக்டோபர் 16. அதே மாதத்தில் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கச் சொல்லி மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்துக்குள் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த கம்பெனிப் படை, தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்தது. கோட்டையைப் பிடிக்க அவர்களுக்கு மே மாதக் கடைசி ஆகிவிட்டது. படை காயாமல் எப்படிக் கட்டினார்கள் என்று கொத்தனாரிடம் கேட்டேன். "சுவர் தடிமன் எவ்வளவு? அகலமாப் போட்டா அதுபாட்டுக்கு நிக்கும் தம்பி. ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கு அப்படி ஆளும் இல்லை, அவ்வளவு தடிமனும் கட்டுப்படியாகாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

தாத்தா அறையின் தளத்தை இடிக்கும்போது அதையும் நின்று பார்த்தேன். பனங்கைகளை நெருக்கமாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கலைச் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். நோட்டில் 'தளம் தட்டினது' என்று ஒன்பது நாள் கூலி இருக்கிறது. ஜேசிபிக்காரர் அப்பா போட்ட கான்கிரீட் கூரையை ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டார், கம்பியெல்லாம் துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. தாத்தாவின் தட்டட்டிக்கு அரைநாள். பனங்கைகளை வாங்க அன்றே ஆள் வந்துவிட்டது.

அந்த 1958 நோட்டில் சிமெண்ட் இரண்டே மூட்டை. தரைக்கு. தாழையூத்தில் சங்கர்நகர் ஆலை 1949-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கரிசல் கிராமத்துக்கு சிமெண்ட் அப்போது நகை மாதிரி ஒரு சாமான். 1961-ல் துலுக்கப்பட்டி பக்கம் ராமசாமி ராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. 1970-ல் எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி ஆலங்குளத்தில் அரசு ஆலை வந்தது. அடியில் இருந்த சுண்ணாம்புக்கல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தாத்தா சுக்கான் மேல் வீட்டை உட்கார வைத்தார். அடுத்த தலைமுறை, தரைக்கடியில் கிடந்த சுண்ணாம்பை அரைத்து மூட்டையில் கட்டியது.

ஆலை பக்கத்தில் இருந்தால் சிமெண்ட் கிடைத்துவிடுமா? விலையும் விநியோகமும் அரசின் கையில். கட்டுப்பாடு 1982 பிப்ரவரி கடைசியில்தான் பாதி தளர்ந்தது, முழுக்க நீங்கியது 1989 மார்ச் 1. அதற்கு முன்னால் வீடு கட்டுகிறவன் அலைந்தது பிளானுக்காக இல்லை, சிமெண்ட் பர்மிட்டுக்காக. மகாராஷ்டிரத்தில் முதலமைச்சர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலக நேர்ந்ததும் கட்டடக்காரர்களுக்கு சிமெண்ட் ஒதுக்கிய விவகாரத்தில்தான். இன்றைக்குப் பையன்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அப்பா கட்டியது சரியாக அந்த ஒன்றரை வருஷத்தில்.

குழியைப் பார்க்க அவரைக் கூட்டிப்போக எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே வந்துவிட்டார். எழுபத்தாறு வயசு, கம்பு ஊன்றிக்கொண்டு விளிம்பில் நின்று இரண்டு கடகாலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"அன்னைக்கே தோண்டச் சொன்னாங்க. கொத்தனார் சொன்னாரு, எங்கய்யாவும் சொன்னாரு. பர்மிட்ல கிடைச்சது கொஞ்ச மூட்டை. அதைப் பூமிக்குள்ள போட்டுட்டா மேல சுவத்துக்கு எங்க போறது? சிமெண்ட் கட்டு தானே, இரும்பு மாதிரி நிக்கும்னு நெனச்சேன்."

இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த இருபத்து நான்கு வருஷம் என்று தோன்றியது. சிமெண்ட் இரும்பு மாதிரி நிற்கும் என்பது உண்மை. அதுதான் சிக்கலும். சுண்ணாம்புக் கட்டு மண்ணின் சின்னச் சின்ன அசைவுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மயிரிழை விரிசலைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். சிமெண்ட் கட்டு வளையாது, ஒரே இடத்தில் பிளக்கும். வளைந்து கொடுக்கிற பொருள் இருந்தபோது ஆழமாகத் தோண்டினார்கள். வளையாத பொருள் வந்தபோது ஆழத்தைக் குறைத்தார்கள். என் அப்பா மட்டும் செய்த தப்பு என்று இதை நான் எழுத மாட்டேன். எங்கள் தெருவில் எழுபது, எண்பதுகளில் கட்டின வீடுகளின் ஜன்னல் மூலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும்.

இன்னொன்றும் அப்போது மாறியிருந்தது. தாத்தாவின் நோட்டில் இருந்த டிக் அப்பாவின் நோட்டில் இல்லை. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு அரசு வந்ததா? வந்தது, மெதுவாக. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம், ஊராட்சிகளுக்கு 1997-ல் கட்டட விதிகள், 2019-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிய ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி. முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது, கட்டி முடித்ததற்குச் சான்றும் வேண்டாம். எங்களுடையது அதில்தான் வந்தது. அலைச்சல் இல்லை, கைநீட்டல் இல்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிளானில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டோம், எத்தனை அடி உயரம், செப்டிக் டேங்க் எங்கே, மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரரையும் தெருவையும் பாதுகாக்கிற விஷயங்கள். வேண்டியவைதான். அஸ்திவாரத்துக்கு ஓரத்தில் ஒரு சின்னப் படம், நாலடி என்று போட்டிருந்தது. எந்த ஊருக்கும் பொருந்துகிற நாலடி.

பார்க்கப்போனால் கட்டம் கட்டமாகப் பார்ப்பதை அரசு விட்டுவிடவும் இல்லை, தன் பணத்தில் கட்டுகிற வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. தொகுப்பு வீட்டுத் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் வந்த சூரியசக்தி பசுமை வீடு, 2016-லிருந்து பிரதமரின் ஊரக வீடு, 2024-ல் மூன்றரை லட்சம் ரூபாய் கலைஞர் கனவு இல்லம், எதுவானாலும் பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம் வந்தால் ஒரு தவணை, லிண்டல் வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று, முடித்தால் மீதி. பிரதமர் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியோடு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். தாத்தா நோட்டின் அதே வரிகள். ஆனால் போட்டோவில் தரைக்கு மேல் இருப்பதுதான் விழும்.

பட்டாசு பூமிக்காரனாக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் 'அப்ரூவ்ட் பிளான்' என்ற சொல் வீட்டை விடப் பட்டாசு ஷெட்டுக்குத்தான் அதிகம் புழங்கும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று டீக்கடையிலேயே வகை பிரிப்பார்கள். அறைக்கு அறை இடைவெளி, ஒரு அறையில் எத்தனை பேர், எல்லாம் பிளானில் துல்லியமாக இருக்கும். 2021 பிப்ரவரி 12-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போன ஆலைக்கும் உரிமம் இருந்தது. உரிமம் வாங்கியவர் ஒருவர், அறை அறையாக உள்குத்தகை எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு என்று பிறகு வெளிவந்தது. பிளான் போட்ட நாளுக்கும் வேலை நடக்கிற நாளுக்கும் நடுவே யார் வந்து பார்த்தார் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதில்லை.

சரி, எங்கள் குழிக்கு வருகிறேன். நாலடியில் நிறுத்தினால் பட்ஜெட்டில் மாடியில் ஒரு அறை வரும். சுக்கான் வரை போய், புட்டிங்கை அங்கே உட்கார வைத்து, தரை மட்டத்தில் எல்லாப் பில்லரையும் கம்பி கட்டின பெல்ட்டால் இணைத்தால் அந்த அறை போய்விடும். மாடி அறை அம்மாவின் ஆசை. பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா, கடைசியாக ஒட்டின பேப்பர் துண்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். சுவர் இடிக்கும்போது பிய்த்து எடுத்து வைத்திருந்தாள்போல. "இனிமே இந்த வேலை எனக்கு வேண்டாம்பா" என்றாள்.

இதே நிலையில் இருக்கும் கரிசல்காரர்களுக்கு, கற்றுக்கொண்டதைச் சொல்லி வைக்கிறேன். ஒரு குழியில் சுக்கான் ஐந்தரை அடியில் வந்ததால் எல்லாக் குழியிலும் அங்கே வரும் என்று நம்ப வேண்டாம், எங்களுக்கு ஒரு மூலையில் ஏழடி போனது. தோண்டின கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்பினால் தரை டைல்ஸ் மேலே எழும்பும், கிராவல்தான் சரி. மழைநீர்த் தொட்டியைக் கடகாலை ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். கூரை கான்கிரீட் போட்டபின் முட்டுக் கொடுத்த கட்டைகளை, நாலரை மீட்டருக்குள் உள்ள தளமானால் ஏழு நாள், அதற்கு மேல் பதினாலு நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலை இருக்கும், நச்சரிப்பார். விடாதீர்கள். வயரிங், பூச்சு, பெயிண்ட் பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவை தப்பினாலும் திருத்திக்கொள்ளலாம்.

மொத்தம் பதினாலு குழி. அப்பா தினமும் காலையில் டீ குடித்த கையோடு மனைக்குப் போய்விடுகிறார். ஒரு மூங்கில் கம்பில் அடிக்கணக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு குழியிலும் விட்டு அளந்து, பிறகு கொத்தனாரிடம் கடப்பாரையை வாங்கிக் குத்தச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்கிறார். போன வியாழக்கிழமை பதினோராவது குழியில் சத்தம் சரியில்லை என்றார்.

"அண்ணாச்சி, ஆறே கால் அடி ஆச்சு, போதும்" என்றார் கொத்தனார்.

"இன்னும் கொஞ்சம் போ."

அரை அடி போன பிறகு வெள்ளை தெரிந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, புது நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டார்.